கட்டம் பதினேழு

மட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க
ஓட்டில் லேசாகத் தட்ட வேண்டும்.
வாயை மூடிக்கொண்டால் இருக்கிறது.
வேல்ஸ் கரையில் பதினோரு வருடம்
அதுதான் என் பிழைப்பு:
தட்டுவது, பார்ப்பது, செத்ததை ஒதுக்குவது.

இப்போது கணினியில் தட்டுகிறேன்.
ஏற்றுமதிச் சான்று, எட்டுப் பக்கம்.
கட்டம் பதினேழு: சரக்கின் இறுதி நோக்கம்.
ஒவ்வொரு முறையும் கை அங்கே நின்றுவிடும்.
பூண்டு, வெண்ணெய், ஞாயிற்றுக்கிழமை
என்று எழுத ஆசை.
'மனித நுகர்வு' என்று எழுதுகிறேன்.

முன்பு எமிர் சாயங்காலம் ஆறு மணிக்கு லாரியை எடுப்பான்.
விடிவதற்குள் பூலோன் சந்தை.
வழியில் ஒரு கடல் இருந்தது, ஓர் எல்லையும் இருந்தது.
இரண்டுக்காகவும் அவன் ஜன்னலை இறக்கியதில்லை.
அந்தப் பக்கம் திபோ எடை போட்டு எடுத்துக்கொள்வான்,
வருடத்துக்கு ஒரு முறை மணல் அதிகம் என்று திட்டுவான்,
டிசம்பரில் ஆறு பாட்டில் அனுப்புவான்.
இதற்குப் பெயர் ஒற்றைச் சந்தை என்று
அது போகிற வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சொல்லிவிடுகிறேன், நானும் வெளியேறத்தான் போட்டேன்.
பள்ளிக்கூடச் சாவடி, நூலில் கட்டிய பென்சில்,
அழுத்திப் போட்ட பெருக்கல் குறி.
வெளியேறுவது என்றால்
நாங்கள் எங்கோ போய்ச் சேருவோம்
என்று நினைத்திருந்தேன்.

கிழக்குச் சுவரை ஒட்டி
சுத்திகரிப்புக் கூடம் கட்டுவதாக இருந்தார் குவிலிம்.
முப்பது பேருக்கு வேலை.
ஹாலந்திலிருந்து இருவர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள்.
மூலைக்கொரு முளை அடித்து
ஆரஞ்சு நிறக் கயிறு கட்டினார்கள்.
நல்ல மனிதர்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள்.
முடிவு வந்த மாதம் 'சற்றுப் பொறுப்போம்' என்று எழுதினார்கள்.
முதலீடு கதவை அறைந்துவிட்டுப் போகவில்லை.
வரவில்லை, அவ்வளவுதான்.
கயிறு இன்னும் இருக்கிறது.
உள்ளே நெட்டிலி வளர்ந்து கிடக்கிறது,
சரியாக அந்தக் கூடத்தின் நீள அகலத்தில்.

போஷெனா அயர்லாந்து போனாள்.
வெக்ஸ்ஃபோர்டிலிருந்து படம் அனுப்பினாள்:
புதுத் தொட்டிகள், நீலத் தரை, உயரத்தில் ஜன்னல்.
குவிலிமின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும்
அதே வரைபடம்.
"உன் இடம் காலியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.
கேலியா, அழைப்பா,
அவளிடம் எப்போதுமே தெரியாது.

நாங்கள் இருபத்திரண்டு பேர். இப்போது ஒன்பது.
லாரிக்கு ஒரு முத்திரை குத்த
இசியார் வருகிறாள், கால்நடை மருத்துவர், ஸ்பெயின்காரி.
அவள் ஒரு நாள் கட்டணம்
மேசையில் நின்ற நால்வரின் கூலி.
அவளைக் கோபித்து என்ன?
மட்டியைத் தட்டத் தெரியாமல் என்னைத்தான் கேட்டாள்.

கணக்கெடுப்புக்காரர் தொலைபேசியில் கேட்டார்:
வேலை போனதா? இல்லை.
சம்பளம்? கொஞ்சம் கூடியிருக்கிறது.
புதுப் பதவியா? ஆமாம், படிவப் பொறுப்பாளர்.
அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சென்ற வெள்ளி லாரி திரும்பி வந்தது.
முத்திரை மை தவறான நிறமாம்.
இரண்டு நாள் காலேயில் வெயிலில் நின்றிருக்கிறது.
எமிர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமலே இருந்தான்.
பின்கதவைத் திறந்ததும் வாடை சொல்லிவிட்டது.

எல்லோரும் போன பிறகு ஏறி உட்கார்ந்தேன்.
கை மறக்கவில்லை.
தட்டினேன். திறந்தே இருந்தது.
தட்டினேன். திறந்தே.
எங்கோ ஒன்று, மெல்ல, முனகுவதுபோல, மூடியது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மூடியதையெல்லாம் பொறுக்கி
படகுத்துறை முனைக்குப் போய்
அளக்காமல் கடலில் போட்டேன்.

திங்கள் காலை,
திரும்பிய சரக்குக்கான படிவம்
எத்தனை என்று கேட்டது.